நின்று கெட்ட வண்டி

(சென்ற மாதக் கூட்டத்துக்குப் பிறகு நமது சமுதாயக் கூடத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆறு மாசம் அமெரிக்காவுல என்ன சார் பார்த்தீங்க?" என்று லிஃப்ட்டில் பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்டீர்கள். நயாகரா பார்க்கவில்லை. நியூயார்க் பார்க்கவில்லை. நான் அதிகம் பார்த்தது ஒரு பழைய வண்டியின் கூரையும் அடிப்பக்கமும்தான். செயலாளரிடம் வாய் தவறி அதைச் சொன்னேன், இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். உங்களில் பலருடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களும் இப்படி ஒரு வண்டி வாங்கலாம். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

2023 ஏப்ரலில் ஓஹாயோ மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். போன மறுநாளே மாப்பிள்ளை என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த வண்டியைக் காட்டினார். மோட்டார்ஹோம் என்பார்கள். உள்ளேயே அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, கட்டில் எல்லாம் இருக்கும். ஃபோர்ட் இ-450 சேசிஸ் மேல் கட்டிய 2004ஆம் வருட வண்டி. டிரைவர் தலைக்கு மேலே முன்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு பரண் இருக்கிறதே, அது ஒரு படுக்கை. என் ஏழு வயதுப் பேத்தி, "தாத்தா, அது என் ரூம்" என்று அன்றைக்கே பட்டா போட்டுவிட்டாள்.

விலை பதினெட்டாயிரம் டாலர். பத்தொன்பது வருடத்தில் ஓடியது 38,000 மைல்தான். மாப்பிள்ளைக்கு அதில்தான் பெருமை. நான் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன், பாடி கட்டும் பிரிவிலும் இருந்திருக்கிறேன். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டேன், சுத்தமான சத்தம். டயரில் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன், பட்டன் ஆழமாக இருந்தது. "மாப்பிள்ளை, நல்ல வண்டி. ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூட சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நம்ம டெப்போ வண்டி ஓடியே தேயும். டயர் கிழடாவதற்கு முன்னால் தேய்ந்துவிடும், ரீட்ரெட் போட்டு மறுபடி ஓட்டுவோம். மோட்டார்ஹோம் நேர் எதிர். வருடத்தில் ஒரு மாதம் ஓடி, பதினோரு மாதம் வெயிலிலும் பனியிலும் நிற்கும். அது நின்றே கெடும். என் கண்ணோ ஓடிக் கெட்ட வண்டியைப் பார்த்தே பழகிய கண்.

மாப்பிள்ளையிடம் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. கூரையில் இரண்டு சோலார் பேனல், லித்தியம் பேட்டரி, புதுத் தரை, பெரிய டிவி. சோலாருக்கு அளவெடுக்கிறோம் என்று ஏணியும் கையுமாக நான் நிற்கும்போது, பரணிலிருந்து பேத்தி கூப்பிட்டாள். "தாத்தா, இங்க சுவர் கேக் மாதிரி இருக்கு." ஏறிப் போய் அமுக்கினேன். விரல் உள்ளே போய்விட்டது.

மெத்தையை எடுத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த மெல்லிய ப்ளைவுட்டைக் கழற்றினோம். உள்ளே இருந்த மரச்சட்டம் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. தெர்மோகோலில் தண்ணீர் கோத்திருந்தது. வெளியே ஃபைபர் தகடு பளபளவென்றுதான் இருக்கிறது, அதைத் தாங்க உள்ளே ஆள் இல்லை. அந்தப் பரணில்தான் குழந்தை படுக்கப்போகிறாள். மணிக்கு அறுபது மைல் வேகத்தில் காற்று முகத்தில் அடிப்பதும் அந்த இடத்தில்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. இந்த வண்டிகளில் பல, மெல்லிய ப்ளைவுட் மேல் ரப்பர் விரிப்பு ஒட்டிய கூரை கொண்டவை. விரிப்பு எளிதில் கெடாது. அது முடியும் ஓரம், காற்றுப்போக்கி, பரணின் ஜன்னல், மூலைப்பட்டை என்று இணைப்புகள் இருக்கும் இடங்களில் பூசியிருக்கும் சீலன்ட்தான் காய்ந்து வெடிக்கும். முடி அளவு கீறல் போதும். அதில் தண்ணீர் இறங்கி, குளிர்காலத்தில் உறைந்து, விரிந்து, கீறலைப் பெரிதாக்கும். நம்ம பி பிளாக் மொட்டை மாடிக் கதைதான். தளத்தில் வெடிப்பு இருக்காது, பைப் நுழைகிற இடத்தில் இருக்கும். மூன்று வருடமாக அந்த அனுபவம் நமக்கு இருக்கிறது, நான் மேலே சொல்ல வேண்டாம்.

ஒரு பணிமனையில் விசாரித்தோம். ஒன்பதாயிரம் டாலர் கேட்டார்கள், வண்டி விலையில் பாதி. "மாமா, விட்டுடலாமா?" என்றார் மாப்பிள்ளை. கூலி நம்முடையது என்றால் செலவு மரத்துக்கும் சீலன்டுக்கும்தான் என்றேன். ஆறு வாரம், சனி ஞாயிறு முழுக்க. மொத்தம் அறுநூறு டாலர் சொச்சம் ஆனது.

முதல் வேலை காயவைப்பது. இதில் அவசரப்படவே கூடாது. ஈரம் உறிஞ்சும் மெஷினைப் பத்து நாள் உள்ளே ஓடவிட்டோம். ஈரத்தை வைத்து மூடினால் புது மரமும் அதே கதிதான். பிறகு உளுத்ததை நல்ல மரம் தெரிகிறவரை வெட்டி எடுத்து, புதுச் சட்டம் வைத்து, பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கினோம். பஸ் பாடி கட்டியவனுக்கு இது தெரிந்த வேலை. வெளிவேலையில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முந்தைய சொந்தக்காரர் ஒழுகிய இடத்திலெல்லாம் சிலிக்கான் அப்பியிருந்தார். சிலிக்கான் மேல் வேறு எதுவும் ஒட்டாது. அதைச் சுரண்டவே இரண்டு நாள். பழைய பழக்கத்தில் கூரையைத் துடைக்க மண்ணெண்ணெய் கிடைக்குமா என்று கேட்டேன். மாப்பிள்ளை பதறிவிட்டார். அந்த ரப்பருக்குப் பெட்ரோலியம் சம்பந்தப்பட்ட எதுவும் ஆகாதாம், உப்பிவிடும். வெறும் சோப்புத் தண்ணீர்தான். சீலன்டிலும் இரண்டு வகை உண்டு. கூரைக்குப் போடுவது தானாகப் பரவி மட்டமாகும். அதை நான் செங்குத்தான மூலையில் போட, சுவரெல்லாம் வழிந்து நின்றது. படம் வைத்திருக்கிறேன், காட்ட மாட்டேன். ஜன்னலையும் மூலைப்பட்டையையும் கழற்றி, அடியில் பிசின் மாதிரி ஒட்டும் புட்டைல் டேப் வைத்துத் திரும்ப இறுக்கினோம். இனி வருடத்துக்கு இரண்டு தடவை ஏணி போட்டு ஏறிப் பார்க்க வேண்டும். அது மாப்பிள்ளை வேலை.

அடுத்தது டயர். பக்கத்து வீட்டில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். வந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், டயர் தேதி என்ன என்று. டாட் என்று தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு எண்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தாலும் போதும் என்பதால், பல நேரம் அது உள்பக்கம் ஒளிந்திருக்கும். டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். 1911 என்று இருந்தது. ஒரு நிமிடம், என்னைவிட மூத்த டயரா என்று நினைத்துவிட்டேன். 2011ஆம் வருடம் 19ஆவது வாரம். பன்னிரண்டு வயது. பட்டன் புதுசு மாதிரி இருக்க, பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் டயரை ஓட்டாதே என்பது டயர் கம்பெனிகள் பலவும் சொல்வது. பின்னால் இரட்டைச் சக்கரம், ஆக மொத்தம் ஆறு டயர். ஆறையும் மாற்றினோம். டிவி அப்போதே பட்டியலிலிருந்து போனது.

இடையில் ஒன்று. நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் கவர் போட்டு வருடக்கணக்காக நிற்கும் கார்கள் ஏழெட்டு இருக்கின்றன. ஊரிலிருந்து திரும்பி வந்ததும் காற்று மட்டும் அடித்துவிட்டு நேராகத் திருச்சிக்குக் கிளம்பாதீர்கள். அந்த நான்கு எண்ணை முதலில் பாருங்கள்.

கேஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சின்ன விஷயம் என்பதால் அல்ல. அங்கே எரிவாயு பிராப்பேன். காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். அதனால் கசிவு எச்சரிக்கைக் கருவி தரையோடு ஒட்டி இருக்கும். அதன் ஆயுள் ஐந்திலிருந்து ஏழு வருடம். எங்கள் வண்டியில் இருந்தது வண்டியோடு பிறந்தது. பச்சை விளக்கு மட்டும் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. அதையும் கார்பன் மோனாக்சைடு கருவியையும் முதல் வாரமே மாற்றினோம். குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். ஜெனரேட்டர் புகைக்குழாயையும் முழு நீளம் தடவிப் பார்த்தேன், படுக்கைக்கு நேர் அடியில் போகிறது அது. ஜெனரேட்டர் நின்றே கிடந்ததால் கார்புரேட்டரில் பெட்ரோல் கோந்தாகியிருந்தது. கழற்றிக் கழுவியதும் ஓடியது. மாதம் ஒரு முறை லோடு கொடுத்து ஓட்டினால் இந்தத் தொல்லை வராது.

மின்சாரத்தில் ஒரு கண்டம் தப்பியது. வீட்டு வாசலில் வண்டிக்கு மின்சாரம் கொடுக்க 30 ஆம்பியர் பிளக் வைக்க ஓர் எலெக்ட்ரீஷியன் வந்து போனார். சொருகுவதற்கு முன் மீட்டரை வைத்தேன். 240 வோல்ட். சரியாகத்தானே இருக்கிறது என்று நம் ஊர் புத்தி சொன்னது. பிறகுதான் உறைத்தது, அந்த வண்டிக்கு வேண்டியது 120. பார்க்கத் துணி உலர்த்தும் மெஷினுக்கான 30 ஆம்பியர் பிளக் போல இருப்பதால், பழக்கமில்லாதவர்கள் 240 கொடுத்துவிடுவது அங்கே அடிக்கடி நடக்கிற தவறாம். சொருகியிருந்தால் மைக்ரோவேவ், ஏசி எல்லாம் போயிருக்கும்.

லித்தியம் பேட்டரியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயப்படாமல் செலவழிக்கலாம், இதில் ஏறக்குறைய முழுவதும் கிடைக்கும். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. பழைய சார்ஜர் அதை முழுதாக நிரப்பாது. வண்டி ஓடும்போது அது இழுக்கிற கரண்டில் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகலாம், அதனால் நடுவில் ஒரு டிசி சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரியே கெடும். ஓஹாயோ குளிரில் இது சாதாரண விஷயமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து அடுத்த வருடத்துக்குத் தள்ளினார் மாப்பிள்ளை. ஒரு சோலார் பேனல் மட்டும் போட்டோம், ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சீலன்ட் வைத்து.

ஆகஸ்ட்டில் கிளம்பினோம். மிச்சிகன் ஏரிக் கரையில் ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் என்ற இடம், கடல் மாதிரி தண்ணீர், மலை மாதிரி மணல். போகிற வழியில் லாரிகளுக்கான எடை மேடையில் வண்டியை நிறுத்தி எடை பார்த்தோம். கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவுக்குள்தான் இருந்தது. மகள் கொண்டுவந்த கிரைண்டரையும் சேர்த்துத்தான்.

இரண்டாவது ராத்திரி நல்ல மழை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அரை மணிக்கு ஒரு தடவை பரணில் ஏறி, பேத்தி தலைக்குப் பக்கத்தில் சுவரை அமுக்கிப் பார்த்தேன். மூலை, ஜன்னல் ஓரம், மறுபடி மூலை. மூன்று மணி வாக்கில் அவள் விழித்து, "தாத்தா, தூங்க விடுங்க" என்றாள். சுவர் காய்ந்திருந்தது. இறங்கி வந்து படுத்தேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டயர் எண் எங்கே இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் டீ குடித்துவிட்டுக் கீழே பார்க்கிங்குக்கு வாருங்கள், டார்ச் கொண்டுவந்திருக்கிறேன்.