குழாய் வைத்த ஜாடியில் கொம்புச்சா
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கொம்புச்சா பற்றிப் பேசச் சொன்னார்கள். பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். பால் சேர்க்காத, சர்க்கரை போட்ட டீயை உறை ஊற்றிப் புளிக்க வைத்தால் அதுதான் கொம்புச்சா. சீனாவின் வடகிழக்குப் பக்கம் தொடங்கி ரஷ்யா வழியாகப் பல நாடுகளுக்குப் போன பானம். ஜப்பானில் இதே பெயரைச் சொல்லிக் கேட்டால் கடல்பாசியில் போட்ட டீயைக் கொடுப்பார்கள், அது வேறு. டீத்தூள் நம் மலையில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதனால்தான் நம் குழுக்களில் இந்தப் பேச்சு வந்தது.

பாலுக்கு மோர் உறை ஊற்றுகிற மாதிரி இதற்கும் ஒரு உறை உண்டு. போன தடவை புளித்த பானமும், அதன் மேல் ஆடை மாதிரி படர்ந்திருக்கும் வழவழப்பான வட்டமும்தான் அது. அந்த வட்டத்தைத் தாய் என்கிறோம். பார்க்க அருவருப்பாக இருக்கும், பழகிவிடும்.

பலர் செய்வது ஒவ்வொரு முறையும் ஜாடியைக் காலி செய்து, கழுவி, புதிதாக ஆரம்பிக்கிற முறை. நான் செய்வது தொடர் முறை. அடியில் குழாய் வைத்த கண்ணாடி ஜாடி, ஏழெட்டு லிட்டர் கொள்ளளவு. ஆரம்பத்தில் 4 லிட்டர் தண்ணீர், 30 கிராம் டீத்தூள், 300 கிராம் சர்க்கரை, 1 லிட்டர் நன்றாகப் புளித்த பழைய பானம், அதோடு தாய். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து டீயும் சர்க்கரையும் போட்டு, பத்து நிமிஷம் விட்டு வடிகட்டி, மீதி மூன்று லிட்டரைக் காய்ச்சி ஆறின தண்ணீராகச் சேர்த்துவிடுவேன். கை பொறுக்கிற சூடு கூட இருக்கக் கூடாது, நன்றாக ஆறிய பிறகுதான் ஜாடியில் ஊற்ற வேண்டும். ஏலக்காய், மசாலா போட்ட தூள் வேண்டாம். மூடி போட்டு இறுக்காமல், நெருக்கமாக நெய்த வேட்டித் துணியால் கட்டுங்கள். வலைத்துணி கட்டினால் பழத்தில் மொய்க்கிற சின்ன ஈ உள்ளே போய் முட்டையிட்டுவிடும்.

சமவெளியில் ஏழெட்டு நாளில் புளித்துவிடும். நம் குளிருக்கு இரண்டு வாரம், மழைக்காலத்தில் மூன்று வாரம்கூட ஆகும். புளிப்பு வந்ததும் குழாயில் ஒரு லிட்டர், மிஞ்சினால் ஒன்றரை லிட்டர் பிடித்துக்கொண்டு, அதே அளவு ஆறின சர்க்கரை டீயை மேலே ஊற்றிவிடலாம். உள்ளே இருக்கும் பழைய புளிப்பு புதுசைப் பார்த்துக்கொள்ளும். பூஞ்சை வருவதும் குறைவு. தோட்டத்துக்கு இலை பறிக்கப் போகிறவர்களுக்கு இந்த முறைதான் லாயக்கு, பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேர வேலை.

ஆனால் இது தண்ணீர் டிரம் இல்லை. காலையில் பிடித்து மாலையில் ஊற்றி, மறுநாள் மறுபடி பிடித்தால் நீங்கள் குடிப்பது வெறும் சர்க்கரைத் தண்ணீர். ஊற்றிய பிறகு சமவெளியில் ஐந்து நாளாவது, இங்கே பத்து நாளாவது கையை வைக்காதீர்கள். பி.எச். பார்க்கும் காகிதம் கிடைத்தால் வாங்குங்கள். 4-க்குக் கீழே காட்ட வேண்டும். மேலே பச்சையாக, கறுப்பாக, பஞ்சு மாதிரி காய்ந்த புள்ளி தெரிந்தால் தாயோடு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். சுரண்டி எடுத்துவிட்டுக் குடிப்பது வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜாடியைக் காலி செய்து, அடியில் தங்கிய கசடையும் தடித்துப்போன தாயில் பாதியையும் எடுத்துவிட்டு, குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும். குழாய்க்குள்ளேதான் அழுக்கு ஒளிந்திருக்கும்.

ஜாடி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் நம் பாட்டிகள் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள். அதே புத்திதான் இங்கேயும். அலுமினியம், செம்பு, பித்தளை கூடாது. மின்னுகிற குழாய்களில் பல, உள்ளே பித்தளை, வெளியே பூச்சு. எவர்சில்வர் குழாயோ, உணவுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் குழாயோ போடுங்கள். பூப்போட்ட பழைய பீங்கான் ஜாடி அழகாகத்தான் இருக்கும். ஆனால் சில மெருகில் காரீயம் உண்டு, புளிப்பு அதை இழுத்துவிடும். 1990-களில் ஆஸ்திரேலியாவில் பீங்கான் பானையில் கொம்புச்சா போட்டுக் குடித்தவர்களுக்குக் காரீய நஞ்சு ஏறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தொடர் முறையில் பானம் மாதக்கணக்கில் அதே ஜாடியில் நிற்கிறது. அதனால் கண்ணாடிதான் நல்லது.

அடுத்தது, எங்கள் குழுவில் ஒரு அக்கா கேட்டது. "ஏம்மா, இது சாராயம்தானே?" சாராயத்தை எதிர்த்துப் பேசுகிற நாம் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. சர்க்கரையை ஈஸ்ட் தின்று கொஞ்சம் ஆல்கஹால் உண்டாக்குகிறது, பாக்டீரியா அதைப் புளிப்பாக மாற்றுகிறது. திறந்த ஜாடியில் பெரும்பாலும் மிகக் குறைவாகத்தான் மிஞ்சும். பாட்டிலில் அடைத்து வெளியே வைத்தால் நிலைமை மாறும். காற்று இல்லாமல் ஆல்கஹால் கூடும், அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கவும் செய்யும். 2010-இல் அமெரிக்காவில் இதே காரணத்துக்காகப் பெரிய கடைகளே கொம்புச்சாவை அலமாரியிலிருந்து எடுத்தார்கள். நம் நாட்டு விதியிலும் 0.5 சதவீதம்தான் கோடு, அதைத் தாண்டினால் மதுபானக் கணக்கு.

இன்னொரு சகோதரி, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. இதில் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. இது மருந்தும் இல்லை. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், சின்னக் குழந்தைகள், கிட்னி, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்களுக்கு நாளைக்கு ஒரு சின்ன டம்ளர், 100 மில்லி போதும்.

உள்கடன் எடுத்து பாட்டில் வாங்கி விற்பனை தொடங்கலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. நான் கொம்புச்சா செய்கிறவள், ஆனாலும் இப்போதைக்கு அதற்கு என் கை உயராது. தொடர் ஜாடியில் இந்த வாரம் ஒரு புளிப்பு, அடுத்த வாரம் ஒரு புளிப்பு. ஒரே மாதிரி வராத பொருளுக்கு எந்த லேபிள் ஒட்டுவது? உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், ஆல்கஹால் அளவை ஆய்வகத்தில் பார்க்க வேண்டும், கடை வரைக்கும் குளிர்ச்சியிலேயே கொண்டுபோக வேண்டும். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவை எழுதி அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும், பிறகு கடனைப் பேசுவோம். அடுத்தவர் சேமிப்பு அது.

வீட்டுக்குச் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் தாய் கேளுங்கள், தருகிறேன். நன்றாகக் கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலோடு வாருங்கள், இறுக்கமான மூடி வேண்டாம், துணி போதும். தாயோடு இரண்டு டம்ளர் பழைய பானமும் ஊற்றித் தருவேன். அதற்குத் தக்கபடி முதல் தடவை இரண்டு லிட்டர் டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.