இல்லம் என்னும் முதற்பள்ளி

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தைக்குக் கல்வி எந்த நாளில் தொடங்குகிறது? விசயதசமியன்று நெல்லில் விரல் பிடித்து எழுதவைக்கும் நாளில் என்பர் சிலர். பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறும் நாளில் என்பர் வேறு சிலர். உண்மையில், தொட்டிலில் கிடக்கும் பொழுதே அது தொடங்கிவிடுகிறது. தாய் பாடும் தாலாட்டில் மாமன் பெயரும் அத்தை பெயரும் ஊர்ப் பெயரும் குழந்தையின் செவியில் விழுகின்றன. மொழியின் ஓசையும் உறவின் முறையும் அங்கேயே பதிகின்றன. பிறந்த முதற்சில ஆண்டுகளில் மூளை மிக விரைந்து வளர்கிறது என்று மருத்துவ நூலாரும் கூறுகின்றனர். ஆசிரியர் கையில் குழந்தையை ஒப்படைக்கும் முன்னரே பாதிப் பாடம் வீட்டில் நடந்து முடிந்துவிடுகிறது.

அந்தப் பாடத்தைப் பெற்றோர் எவ்வாறு நடத்துகின்றனர்? செல்வமும் புலமையும் உடையவரே அதனை நடத்த இயலுமா? இவ்வினாக்களுக்கு நம் நாட்டுப் பெரியோர் சிலருடைய இளமை வரலாறே விடை கூறும்.

தோளில் சுமந்த தந்தையார்

சீகாழிப் பதியில் வாழ்ந்த சிவபாதவிருதயர் ஒருநாள் நீராடப் புறப்பட்டார். அவருடைய மூன்று வயது மைந்தர் தாமும் உடன் வருவதாக அழுது பின்தொடர்ந்தார். தந்தையார் முதலில் தடுத்தாராயினும் பின்னர் அழைத்துச் சென்றார். அம்மைந்தரே திருஞானசம்பந்தர். குளக்கரையில் நிகழ்ந்த அருட்செயல் யாவரும் அறிந்ததே. அதற்கு முன் நிகழ்ந்த சிறு செயலையும் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குழந்தை பின்தொடர்ந்தது தந்தையின் சொல்லை அன்று; தந்தை செல்லும் வழியை. நாம் எங்கே நடக்கின்றோமோ, அங்கேயே நம் பிள்ளைகளும் நடக்க விரும்புவர். பின்னர் மைந்தர் தலங்கள்தோறும் செல்ல விரும்பியபொழுது, தந்தையார் அவரைத் தம் தோள்மேல் சுமந்து சென்றார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். முதலில் தந்தையின் வழியை மகன் பற்றினான்; பின்னர் மகனின் வழிக்குத் தந்தை தோள் கொடுத்தார். பெற்றோர் கடமை முழுவதும் இவ்விரண்டில் அடங்கிவிடுகிறது.

ஊர் ஊராய்ச் சென்ற குடும்பம்

இக்கடமையைச் சென்ற நூற்றாண்டுகளில் ஒரு தந்தையார் தம் வாழ்நாளில் செய்து காட்டினார். தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் உ. வே. சாமிநாதையரின் தந்தையாராகிய வேங்கடசுப்பையரே அவர். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர்தம் ஊர். அவர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, அதனால் வரும் சிறு பொருளைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். 1855ஆம் ஆண்டு பிறந்த தம் மைந்தரும் தம்மைப்போல் இசையில் வல்லவராக வேண்டும் என்பதே அவருடைய முதல் விருப்பம்.

மைந்தரின் உள்ளமோ தமிழில் தோய்ந்தது. ஆங்கிலம் கற்பித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று உறவினர் சிலர் கூறினர். வடமொழி கற்பித்தால் புண்ணியம் உண்டு என்று வேறு சிலர் கூறினர். தமிழால் ஆவது யாது என்று கேட்டோரும் உண்டு. அந்நாளில் அவ்வினாவிற்கு விடையளிப்பது எளிதன்று. ஆயினும் தந்தையார் மகனின் நாட்டத்தைக் கெடுத்தாரல்லர். தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எங்கே இருக்கின்றார் என்று தேடினார்.

அரியலூரில் சடகோபையங்கார் இருந்தார். அங்கே மகனைப் பாடம் கேட்கச் செய்தார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரும் தமிழறிந்தவர்களாக விளங்கினர். அவ்வூர்களுக்கெல்லாம் அக்குடும்பம் இடம் பெயர்ந்தது. மகனை மட்டும் அனுப்பிவிட்டுத் தாம் ஓரிடத்தில் அமர்ந்திருக்கவில்லை. பாத்திரம் பண்டங்களுடன் புதிய ஊருக்குச் சென்று, அடுப்பு மூட்டி, அறியாதவரிடையே வாழ்க்கையைத் தொடங்கும் பொறுப்பு அன்னையார் சரசுவதி அம்மாளுடையது. தந்தையாரின் கதைக்கு ஊரார் தந்த பொருளே மகனின் கல்விக்கு ஆதாரம் ஆயிற்று. அவ்வூர்ப் பெருமக்களின் கொடையையும் இங்கே நன்றியுடன் நினைத்தல் வேண்டும். வீடும் ஊரும் சேர்ந்தே ஒரு பிள்ளையைப் படிக்கவைத்தன.

விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை முதலியன கேட்டபின், பெரும்புலவரை நாடும் காலம் வந்தது. 1871இல் மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தந்தையார் மகனை அழைத்துச் சென்று ஒப்படைத்தார். மகனுக்கு அப்பொழுது பதினாறு வயது. அவ்வூரிலேயே இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் இசைப் பயிற்சியும் நடந்தது. ஆனால் இசையும் இலக்கியமும் ஒருங்கே நடைபெறுவதை ஆசிரியர் விரும்பாமையால் இசை நின்றது, தமிழ் நிலைத்தது. தந்தை கண்ட கனவு வேறு. மகன் அடைந்த பேறு வேறு. 1887இல் சீவக சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சில் வெளிவந்தன. ஏட்டுச் சுவடிகளிலிருந்து இவற்றைப் பதிப்பித்தவர், தமிழால் ஆவது யாது என்று உறவினர் ஐயுற்ற அப்பிள்ளையே ஆவார்.

மகாவித்துவானுக்கும் முதல் ஆசிரியர் அவருடைய தந்தையாரே. சிற்றூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வந்த சிதம்பரம் பிள்ளை, தம் மகனுக்கும் தாமே தமிழ் கற்பித்தார். ஆசிரியரும் மாணாக்கரும் ஆகிய இருவர் வரலாற்றிலும் வீடே வித்திட்டது.

திண்ணையும் கற்பலகையும்

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஓர் எளிய வீடு இன்றும் நினைவிடமாகப் போற்றப்படுகிறது. 1887இல் பிறந்த கணித மேதை இராமானுசன் வளர்ந்த வீடு அது. தந்தையார் துணிக்கடையில் கணக்கர். அன்னையார் கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடுபவர். வருவாய் போதாமையால் கல்லூரி மாணவரைத் தங்கவைத்து உணவளித்தது அக்குடும்பம். வறுமையால் செய்த அந்த ஏற்பாடே சிறுவனுக்கு வாய்ப்பாயிற்று. தங்கியிருந்த மாணவரின் கணக்கறிவு முழுவதையும் அவர் சிறுவயதிலேயே கேட்டுத் தீர்த்துவிட்டார்.

ஆயினும் அவ்வீட்டிற்குச் சோதனையும் வந்தது. கணக்கு ஒன்றிலேயே ஆழ்ந்த மகன் பிற பாடங்களில் தவறினார். கல்லூரி உதவித்தொகையை இழந்தார். மீண்டும் தேர்வெழுதியும் வெற்றி பெறவில்லை. வேலையின்றித் திண்ணையில் அமர்ந்து, கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தார். அவ்வாண்டுகள் பெற்றோர்க்கு எளியனவாக இருந்திருக்கமாட்டா. ஊரார் கேட்கும் கேள்விக்கு அவர்கள் என்ன விடை சொல்லியிருக்க இயலும்? ஆயினும் அந்தத் திண்ணை அவருக்கு இடம் தந்தது. கடல் கடந்து செல்லத் தொடக்கத்தில் உடன்படாத அன்னையாரும் பின்னர் இசைவளித்தார். 1914இல் இங்கிலாந்து சென்ற அவர் 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிள்ளைகள் எல்லாரும் மேதைகள் ஆகிவிடுவர் என்பது இதன் பொருளன்று. தேர்வில் தோற்ற பிள்ளைக்கும் வீட்டில் ஓர் இடம் இருத்தல் வேண்டும் என்பதே பொருள். மதிப்பெண் குறைந்த அன்று மாலை வீட்டு வாயிலை மிதிக்க அஞ்சும் பிள்ளைகள் இன்று எத்தனை பேர்! தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் செய்தித்தாளில் வரும் துயரச் செய்திகளைப் படிக்கும் பெற்றோர் இதனைத் தம் நெஞ்சில் எழுதிக்கொள்ளல் வேண்டும். தோல்வியை முதலில் தாயிடம் வந்து சொல்லத் துணியும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

இன்றைய இல்லங்கள்

இன்றைய பெற்றோர் பிள்ளைகளின் கல்விக்காகப் பெரும்பொருள் செலவிடுகின்றனர். கட்டணம் கட்டுகின்றனர், தனிப்பயிற்சிக்கு அனுப்புகின்றனர், இவை குறையல்ல. ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டுப் பொழுதைக் கொடாமல் இருப்பதே குறை. பிள்ளை படிக்கும் அறைக்கு அடுத்த அறையில் தொலைக்காட்சி முழங்குகிறது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தந்தை, மகனைப் புத்தகம் எடு என்கின்றார். சொல் ஒன்று, காட்சி ஒன்று. குழந்தை காட்சியைத்தான் கற்றுக்கொள்ளும்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. மாலையில் விளக்கேற்றிய பின் ஒரு நாழிகையேனும் வீடு அமைதியாக இருக்கட்டும். எழுத்தறியாத தாயாயினும், இன்று பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம்; படி, கேட்கின்றேன் என்று அருகில் அமரலாம். பிள்ளை உரக்கப் படிக்கத் தாய் கேட்பதைவிடச் சிறந்த பயிற்சி பிறிதில்லை. ஆசிரியரைப் பிள்ளையின் முன் இகழாதிருத்தல் வேண்டும். ஆசிரியர்பால் மதிப்பு இழந்தவனுக்குப் பாடத்தின்பாலும் மதிப்பு இராது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுதல் ஆகாது. மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி என்பதும் ஆகாது; அடுப்படி வேலைக்காக மகளின் பாடம் நிற்குமாயின், அடுத்த தலைமுறையின் முதல் ஆசிரியையின் படிப்பன்றோ நிற்கிறது! பாட்டியும் பாட்டனும் உள்ள வீடாயின், அவர்கள் வாய்க்கதை நாள்தோறும் பிள்ளைகளின் செவியில் விழட்டும். திருக்கோயிலுக்கு வரும்பொழுது கல்வெட்டையும் சிற்பத்தையும் காட்டி, இஃது என்ன என்று கேட்க வையுங்கள். விடை தெரியாவிடின் பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். அந்தத் தேடலே கல்வி.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையின் உள்ளம் எதில் தோய்கிறது என்று கூர்ந்து பாருங்கள். அது பெற்றோர் எண்ணியதற்கு மாறாகவும் இருக்கலாம். அப்பொழுது சினவாது, வேங்கடசுப்பையர் தமிழாசிரியரைத் தேடி ஊர் ஊராய் நடந்ததை நினையுங்கள். தம் விருப்பத்தைச் சுமக்கப் பிள்ளையைப் பழக்குதல் எளிது. பிள்ளையின் விருப்பத்தைத் தாம் சுமத்தல் அரிது. அரியதைச் செய்த பெற்றோரின் பெயர், மக்களின் புகழோடு சேர்ந்து நின்று நிலவும்.

இல்லந்தோறும் கல்வி விளக்கு எரிக! பிள்ளைகள் நலமுற வளர்க! அதற்குத் திருவருள் துணை நிற்பதாக!