தலைமக்களும் நிலைமக்களும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருக்குறளிலே ‘படைமாட்சி’ என்னும் 77ஆம் அதிகாரத்தின் இறுதியில் இரு குறள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வீரர் எத்துணைப் பேர் இருந்தாலும் தலைவர் இல்லையேல் அது படையாகாது என்பது 770ஆம் குறளின் கருத்து. தீராத மனக்கசப்பு முதலியன இல்லாத படையே வெல்லும் என்பது அதற்கு முந்திய குறளின் கருத்து. மேடைகளில் நாம் அதிகம் கேட்பது பின்னதையே. தலைவர்களுக்கு அது இனிக்கும் அல்லவா? முன்னதை மறந்த படைகளைப் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

இரண்டாம் உலகப் போரின்போது நமக்கு அயலிலே, புத்தளத்தில், ஆங்கிலக் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. விமானங்களை இழுக்க யானைகளையும் பயன்படுத்தினார்கள். அப்போரிலே இலங்கை இளைஞர் சிலர் பீரங்கிப் படையினராய், இந்து சமுத்திரத்தின் நடுவேயுள்ள கொக்கோஸ் தீவுகளைக் காக்க அனுப்பப்பட்டனர். அவர்களுக்குத் தலைவர் கப்டன் கார்டினர் என்னும் ஆங்கிலேயர். போருக்கு முன் கொழும்பிலே கணக்காளராய் இருந்தவர். போர் வரவே அதிகாரியானவர். வீரரை அவர் கடுமையாகவும் ஏளனமாகவும் நடத்தினார் என்று அச்சம்பவத்தை ஆராய்ந்தோர் எழுதுகின்றனர்.

1942 மே 8ஆந் திகதி இரவு, கிரேஷன் பெர்னாண்டோ என்பவர் தலைமையில் வீரர் சிலர் கிளர்ந்தெழுந்தனர். ஏகாதிபத்திய வெறுப்பும் அவர்களிடம் இருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெறுப்பு என்னும் விறகிலே நெருப்பை வைத்தது அன்றாட அவமதிப்பே என்பது எமது எண்ணம். கிளர்ச்சிக்காரரின் இயந்திரத் துப்பாக்கி இடையிற் சிக்கிக்கொண்டது. கிளர்ச்சி விடியுமுன் அடங்கிற்று. இறந்தவரோ அதிகாரி அல்லர், இலங்கை வீரர் ஒருவரே. எழுவருக்கு மரணதண்டனை விதித்தார்கள். அவர்களுள் மூவரை அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் வெலிக்கடைச் சிறையிலே தூக்கிலிட்டார்கள். அப்போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாய நாட்டு வீரர் இம்மூவர் மாத்திரமே.

இது புதுக்கதை அன்று. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையிலே சிப்பாய்கள் நெற்றியிற் சமயக்குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆணை இருந்தது. மே மாதத்தில் மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. பின்னர் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று தம் கர்னலிடமே போய்ச் சொன்னார். கர்னல் அதை விசாரிக்கும்படி சுதேச அதிகாரிகளிடம் விட்டார். அவர்களோ சதியில் உடந்தையாயிருந்தவர்கள். “இவன் பைத்தியக்காரன்” என்றார்கள். கதை அத்துடன் முடிந்தது. ஜூலை 10ஆந் திகதி விடியுமுன் நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர் மடிந்தனர். பதிலுக்கு மடிந்த சிப்பாய்கள் பன்மடங்கினர். அதன் பின்னரே ஆணைகளை நீக்கினார்கள். தேசாதிபதி பென்டிங்கையும் சேனாதிபதி கிரடொக்கையும் திருப்பியழைத்தார்கள்.

படையிலே மேலுக்கும் கீழுக்கும் நடுவே நிற்பவர் சுபேதார், சார்ஜன்ட் முதலியோர். மேலிருந்து வரும் கட்டளையை இறக்குவதோடு கீழிருந்து வரும் குறையை ஏற்றுவதும் அவர் வேலை. வேலூரிலே அந்த ஏணி ஒரு பக்கமே இயங்கிற்று. அதிகாரிகளின் தொகையைக் கூட்டினால் தீரும் என்பார் சிலர். 1945இல் அமெரிக்கப் படையிலே ஓர் அதிகாரிக்கு ஏறக்குறையப் பத்து வீரர். இன்று ஏறக்குறைய ஐவர். தலை பெருகினால் காதும் பெருகுமா?

நம் நாட்டுத் தரைப்படை 1949 ஒக்டோபர் 10இல் அமைந்தது. 1955இல் அன்ரன் முத்துக்குமாரு அதன் முதற் சுதேசத் தளபதியானார். அக்காலத்து அதிகாரிகள் பெரும்பாலும் ஆங்கிலக் கல்லூரிகளில் வந்தவர்கள். நாமும் மிஷன் பள்ளியிற் படித்தவராதலின் துணிந்து சொல்கிறோம்: ஆங்கிலம் சரளமாய்ப் பேசுவது வேறு, எதிரில் நிற்பவன் சொல்வதைக் கேட்பது வேறு. 1962 ஜனவரியிலே படை, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டு, நிறைவேறுமுன் பிடிபட்டனர். 24 பேர்மீது வழக்கு நடந்தது. 11 பேர் குற்றவாளிகளாய்க் காணப்பட்டனர். 1965இல் இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை நீக்கிற்று. அவர்களின் கட்டளைக்குத் தெருவில் இறங்கவிருந்த சாதாரண வீரனிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.