பாயில் உட்கார்ந்து பார்க்கும் படம்

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் பலர். அவர்கள் பார்க்கவேண்டிய ஜப்பானியப் படம் ஒன்றுண்டு. யாசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த 'தோக்கியோ கதை'. பாட்டில்லை, சண்டையில்லை. வெளிநாட்டாருக்குப் புரியாதென்று இத்தகைய படங்களை ஜப்பானியர் வெளியே அனுப்பத் தயங்கினர்; அமெரிக்கத் திரையரங்குகளுக்கு இது 1972-இல்தான் வந்தது.

ஓசு நம் பக்கம் வந்தவர்தாம். நேதாஜியின் விடுதலை இயக்கத்தைப் படமெடுக்க 1943-இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அந்தப் படம் முடியவில்லை.

கதைக்கு வருவோம். ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து முதிய தம்பதி தோக்கியோவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மகன் மருத்துவர், மகள் சிகையலங்காரக் கடைக்காரி. இருவருக்கும் நேரமில்லை. பெற்றோரை வெந்நீர் ஊற்றுள்ள ஓர் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே விடுதியில் இரவெல்லாம் கூச்சல். மறுநாள் இருவரும் கடலோரச் சுவர்மேல் அமர்ந்திருக்கிறார்கள். எழும்போது தாய்க்குத் தலை சுற்றுகிறது. ஒரு கணந்தான். அவசரக்காரர் அதைத் தவறவிடுவார். அவள் பிள்ளைகளும் அப்படித்தான் தவறவிட்டார்கள்.

போரில் மறைந்த மகனின் மனைவி நோரிகோதான் விடுப்பெடுத்து ஊர் சுற்றிக் காட்டுகிறாள். தன் சிற்றறையில் மாமியாருக்குப் படுக்கை விரிக்கிறாள். மகளைத் திட்டத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் கடையை மூடினால் அவள் பிழைப்பென்ன? ஓசு யாரையும் கெட்டவராக்கவில்லை.

காமிராவைத் தரையில் அமர்ந்தவரின் கண்மட்டத்தை ஒட்டியே வைத்திருக்கிறார். நாமும் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கலாம். முடிவில் மனைவியை இழந்த முதியவர் வீட்டில் தனியே அமர்ந்திருக்கிறார். வெளியே கடலில் படகொன்று போகிறது.