பழைய பதிவுகளைக் காப்பாற்றலாம்

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கணினியில் பதிவு செய்து வைத்திருப்பவர்களுக்கான தகவல் இது. விண்டோஸ் மீடியா சென்டர் என்ற மென்பொருள் பல வீடுகளில் அந்த வேலையைச் செய்தது. விண்டோஸ் 7-இல் அது பதிவு செய்த கோப்புகளின் பெயர் டபிள்யூ.டி.வி. என்று முடியும். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டர் கைவிடப்பட்டது. கோப்புகள் பழைய வன்தட்டுகளில் தங்கிவிட்டன. உள்ளூர் தொலைக்காட்சியில் வந்த உறவினரின் பேட்டி வேறெங்கும் கிடைக்காது, அல்லவா?

அவற்றை மீட்க வழி இருக்கிறது. கோப்பு என்பது வெறும் டப்பா. உள்ளே இருக்கும் படம் பெரும்பாலும் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டது. டப்பாவை மட்டும் மாற்றினால் படத்தின் தரம் இம்மியும் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். 2000-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கியது அது.

இடத்தை மிச்சப்படுத்தவும் வழி உண்டு. விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவான ஒரு மணி நேர நிகழ்ச்சி ஏறக்குறைய 1.8 கிகாபைட் பிடிக்கும். எச்.264 என்ற சுருக்கு முறைக்கு மாற்றினால் அதில் பாதியளவே போதும். ஆனால் மறுபடி சுருக்கும் ஒவ்வொரு முறையும் படத்தின் நுட்பம் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. ஆகவே மூலக்கோப்பை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். உதட்டசைவும் ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் ஓட்டிப் பாருங்கள்.

நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு போடப்பட்ட பதிவுகள் மட்டும், பதிவான அதே கணினியில்தான் ஓடும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், அந்தக் கணினியை இப்போதைக்குப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.