ஆலை மூடியது, நஞ்சு மூடவில்லை!

(ராணிப்பேட்டையில் இளைஞர்கள், வணிகர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

ஓர் ஆலை மூடப்பட்டால் வேலை போகும். கடைத்தெருவில் வியாபாரம் படுத்துவிடும். இது எல்லா ஊரிலும் நடப்பது. நம் ஊரில் ஆலை போனது. அதன் நஞ்சு போகவில்லை.

தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1970களில் சிப்காட்டில் தொடங்கியது. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்பைத் தயாரித்தது. 1990களின் நடுவில் மூடப்பட்டது. விட்டுச் சென்ற கழிவு, குறைந்த கணக்கின்படியே ஒன்றரை லட்சம் டன். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். மழை பெய்தால் மஞ்சள் நீராக மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கும். ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கடந்தும் அந்தக் குவியல் அங்கேயே கிடந்தது!

குரோமியம் என்றாலே தோல்காரர்கள், தோல்காரர்கள் என்றாலே முஸ்லிம்கள் என்று பழி போடுவோர் உண்டு. அந்தக் குவியல் ஒரு ரசாயன ஆலையுடையது. எந்தச் சமுதாயத்துடையதும் அல்ல. ஆனால் இதைச் சொல்லிவிட்டு நாம் கைகழுவிவிட முடியுமா?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக அதில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்பதே அதன் சாரம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, 10 தொழிலாளர்கள் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்டிப்பான உத்தரவிட்டது. முப்பதாண்டுகளில் தீர்ப்புகளுக்குக் குறைவில்லை, நிறைவேற்றத்தில்தான் குறை.

அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியிலும் இதே குரோமேட் கழிவு குவிந்து கிடந்தது. அங்கே பல சமய வழிபாட்டுத் தலங்களைச் சேர்ந்தோர் ஒரே அமைப்பாகத் திரண்டு வழக்காடினர். 2003இல் நீதிமன்றம், பொறுப்பேற்க வேண்டிய நிறுவனமே கழிவைத் தோண்டி அகற்ற உத்தரவிட்டது. பின்னர் அந்தப் பகுதியில் குடியிருப்புகளுக்குத் திட்டம் வந்தது. முதலில் சுத்தம், பிறகு கட்டடம் என்ற வரிசையை அவர்கள் மாற்றவில்லை. நாமும் மாற்றக்கூடாது. நஞ்சின் மேல் மண்ணைப் பரப்பிப் புதிய தொழிற்பேட்டை என்று பெயர்ப்பலகை வைப்பது மறுசீரமைப்பு ஆகாது.

நம் மாவட்டத்திற்குப் புதிய தொழில்கள் வராமல் இல்லை. பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கும், டிசம்பரில் 1,500 கோடி ரூபாய்க் காலணி ஆலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. காலணி ஆலையில் 25,000 பேருக்கு வேலை என்கிறது அரசு. இந்த வேலைகள் நம் பிள்ளைகளைத் தேடி வீட்டு வாசலுக்கு வராது. பயிற்சி பெற்றவனிடம்தான் வரும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். கழிவை அகற்றத் தேதி குறித்த திட்டத்தை அரசு அறிவித்து, ஆண்டுதோறும் கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளைத் தமிழில் ஊர்மக்கள் முன் வைக்கவேண்டும். சுத்தமான பிறகு அந்த நிலம், பாதிக்கப்பட்ட சுற்றுக் கிராமத்தினருக்கு வேலைதரும் மாசற்ற தொழில்களுக்கே தரப்படவேண்டும். மூன்றாவது, உங்களிடம்: வணிகப் பெருமக்கள் தங்கள் ஆலைக் கழிவுநீரை முறையாகச் சுத்திகரிப்பதோடு, இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்கு நிதி ஒதுக்கவேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1901இல் தோன்றியது; 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தோல் வியாபாரத்தில் ஈட்டிய பணம் கல்வியாக மாறிய வரலாறு அது.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். கல்லையும் முள்ளையும் அகற்றச் சொன்ன மார்க்கம், குடிநீரில் கலக்கும் நஞ்சைக் கண்டு சும்மா இருக்கச் சொல்லுமா? நஞ்சுக்கு ஜமாஅத்தும் தெரியாது, சாதியும் தெரியாது. நிலமிழந்த விவசாயியையும் வேலையிழந்த தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டு, சட்ட வழியில், சலிக்காமல் போராடுவோம். வல்ல இறைவன் துணை நிற்பானாக! வஸ்ஸலாம்.