குடிவருவோர்க்கு முதல் மாலையிற் சொல்ல வேண்டியவை

அட்டன் பஸ் நிலையத்திலே மாலை வேளையில், கையில் ஒரு பெட்டியும் தோளில் ஒரு பையுமாக வந்திறங்கும் இளைஞர் சிலரை எந்நாளும் காணலாம். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர், வங்கியிற் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞர், டிக்கோயா வைத்தியசாலைக்கு நியமனம் பெற்ற தாதி என அவர்கள் பலதிறத்தினர். நகரத்தில் ஒரு வீட்டின் பக்கத்தறையோ, தோட்டத்தில் ஒரு லயக் காம்பராவோ அவர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றது. வீட்டார் முகமலர்ந்து வரவேற்கின்றனர். தேநீரும் ரொட்டியும் சம்பலும் கொடுக்கின்றனர். கம்பளியும் எடுத்து வைக்கின்றனர். வாடகையை எந்தத் திகதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் மறவாமற் சொல்லுகின்றனர். ஆனால், அந்த அறையிலே பாதுகாப்பாக வாழ்வதற்கு வேண்டிய செய்திகளைப் பெரும்பாலும் எவரும் சொல்லுவதில்லை.

இதற்குக் காரணம் அன்பின்மை அன்று, பழக்கமேயாகும். இருட்டிலும் கை தானாகச் சென்று பிரதான மின் ஆளியை அணைக்கும் வீட்டாருக்கு, அது இருக்கும் இடத்தை ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதில்லை. மிக நன்றாகத் தெரிந்தவையே சொல்லப்படாமற் போகின்றன. புதியவரோ, தமக்குத் தெரியாதது எது என்பதையே அறியாதவர். ஆகவே அவரால் கேட்கவும் இயலாது. சொல்ல வேண்டிய கடமை வீட்டாருடையதே.

முதலாவதாகச் சொல்ல வேண்டியது குளிரைப் பற்றியதாகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் அங்கே உறைபனி படிவதுண்டு. சமவெளியிலிருந்து வந்தவர் இக்குளிரைத் தாங்கமாட்டாமல், ஒரு சட்டியிற் கரித் தணலை இட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவையும் யன்னலையும் இறுக அடைத்து உறங்க முற்படலாம். இதைப் போன்ற ஆபத்து வேறில்லை. தணல் எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை; மணமும் இல்லை. குருதி ஒட்சிசனை ஏந்திச் செல்லும் ஆற்றலை அது தடுத்துவிடுகின்றது. உறங்குபவர் உறக்கத்திலேயே மயங்கி, விழிக்காமலே மாண்டுபோவார். “டீச்சர், கம்பளி இன்னொன்று வேண்டுமென்றால் கேளுங்கள், தணல் சட்டியை மட்டும் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம்” என்று வீட்டம்மா முதல் மாலையிலேயே சொல்லிவிட்டால், அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கும்.

அடுத்தது மின்சாரமும் எரிவாயுவும். வாளி நீரிலே இட்டுச் சுடவைக்கும் மின்கம்பிச் சுருளைப் பலர் பயன்படுத்துகின்றனர். ஆளியை அணைத்து, செருகியையும் கழற்றிய பின்னரே அந்நீரைத் தொடவேண்டும். ட்ரிப் சுவிட்ச் எங்கே உள்ளது என்பதைக் காட்டி, அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்குமாறும் கூறவேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நிகழ்ந்தமை நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். சமையல் வாயு காற்றிலும் கனமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையோடு தேங்கி நிற்கும். மணம் வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். லயங்களிலே இவ்வெச்சரிக்கை இன்னும் அவசியமானது. பல காம்பராக்களுக்கு மேலே ஒரே கூரை தொடர்ந்து செல்வதால், ஒரு குசினியிற் பிடித்த தீ விரைவிலே வரிசை முழுவதையும் பற்றிக்கொள்ளும்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டங்களில் ஊற்று நீரே பீலிகளுக்கும் குழாய்களுக்கும் வருகின்றது. பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதனைக் கொதிக்கவைத்தே பருகவேண்டும். உயரமான இடத்தில் காற்றின் அழுத்தம் குறைவாதலால், நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவதும் இதனாலேயே. அடுப்பின் குற்றம் அன்று. எனினும் கிருமிகளை அழிக்க அச்சூடு போதும். நன்கு கொதி வந்த பின்னர் ஒரு நிமிடமேனும் கொதிக்க விடுதல் நலம்.

இனி, மலையகத்திற்கே உரிய செய்தி மண்சரிவு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதையுண்டதை எவரும் மறக்கவியலாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் மலைச்சரிவுகள் பல இடிந்து வீழ்ந்தன. சரிவதற்கு முன்னர் மலை சில அடையாளங்களைக் காட்டுவதுண்டு. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்தல், நேற்றுவரை எளிதாக மூடிய கதவு இன்று இறுகிக்கொள்ளுதல், புதிய ஊற்றுத் தோன்றுதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் என்பன அவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தலும், 100 மில்லிமீற்றரில் வெளியேற ஆயத்தமாதலும், 150 மில்லிமீற்றரில் வெளியேறிவிடுதலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறை. எந்தப் பாதையால், எந்தப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ செல்வது என்பதை, மழையில்லாத நாளிலே குடிவந்தவரை ஒருமுறை நடத்திச் சென்று காட்டுதல் வேண்டும். இருளிலும் மழையிலும் கேட்டறிந்து செல்ல இயலாது.

தேயிலை மலைக்குள் பொழுதுபட்ட பின் தனியே நடக்கலாகாது. சிறுத்தை நடமாடும் இடங்கள் உண்டு. குளவிக் கூடு தென்பட்டால் அருகிற் செல்லாமலும் கல்லெறியாமலும் விலக வேண்டும். குளவி கலைந்துவிட்டால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு தொலைவுக்கு ஓடுவதே வழி.

இறுதியாக, உதவிக்கு அழைக்கும் இலக்கங்கள். இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990, பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்திற்கு 117. இலக்கம் தெரிந்தால் மட்டும் போதாது. இருக்கும் இடத்தையும் சொல்லத் தெரியவேண்டும். லய வீடுகள் பலவற்றிற்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியே வருவது நெடுங்கால வழக்கம். நோயாளியை ஏற்ற வரும் வண்டியோ அலுவலகத்தோடு நின்றுவிடலாகாது. ஆகவே தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பது, பிரதான வீதியில் இறங்க வேண்டிய சந்தி, அருகிலுள்ள கோயில் ஆகியவற்றைப் புதியவர் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும்.

குடிவருபவருக்கும் ஒரு கடமை உண்டு. தொய்வு முதலிய நோய் இருப்பின் அதனையும், உட்கொள்ளும் மருந்தையும், அவசரத்தில் அறிவிக்க வேண்டிய உறவினரின் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டாரிடம் முதல் நாளிலேயே கொடுத்துவைத்தல் நன்று.

வள்ளுவர் இல்லறவியலில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வாடகை கொடுத்து வருபவர் விருந்தினரல்லர் எனலாம். ஆயினும் முதல் மாலையில் அவர் விருந்தினரே. இங்கே கூறியவை யாவும் ஒரு தாளின் இரு பக்கங்களில் அடங்கும். வருபவர் சிங்களம் பேசுபவராயின் சிங்களத்திலும் எழுதலாம். எழுத்தறிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தாற் போதும். வாடகை அறை வைத்திருக்கும் நேயர்கள் இன்றிரவே அத்தாளை எழுதி, அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பார்களாக. தேநீர்க் கோப்பையைக் கையிற் கொடுத்தபின், அதனை ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் காட்டுவார்களாக.